தட்டத் தெரியாத கை

புனேயில் ஜூடோ விளையாடுகிறவன் எவனாக இருந்தாலும் ஒரு நாளாவது என் பாயில் விழுந்து எழுந்திருப்பான். இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். பெருமைப்பட எனக்கு உரிமை உண்டு. நான் படித்தது நாலாம் வகுப்பு. நாசரேத் பக்கத்திலிருந்து மீசை முளைக்காத வயதில் ரயிலேறி வந்து, லாரிக்குத் தார்ப்பாய் தைக்கிற ஒரு சர்தார்ஜியிடம் கோணி ஊசி பிடித்தேன். இன்றைக்கு பிம்ப்ரியில் என் ஷெட்டிலிருந்து கிளம்புகிற பாய்கள் காலேஜுக்குப் போகின்றன, போலீஸ் ஹாலுக்குப் போகின்றன, நாக்பூர் வரைக்கும் போகின்றன. உள்ளே அமுக்கின ஃபோம், மேலே ரெக்ஸின், அடியில் வழுக்காத ரப்பர். ஜெயசீலன் பாய் என்றால் விலை கேட்காமல் எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

என் கதையைச் சொல்ல ஆரம்பித்தால் புத்தகம் பத்தாது. இது ஜெபமணியின் கதை. அவளைப் பற்றி ஆளுக்கு ஒன்று பேசினார்கள். எல்லோரும் போனில் பார்த்த ஒரு வீடியோவை வைத்துப் பேசினார்கள். அவளை இருபது வருஷமாகத் தெரிந்தவன் நான்தான்.

ஜெபமணி பிம்ப்ரிக்குப் பக்கத்து ஊர் தேஹு ரோடில் பிறந்தவள். அப்பா எங்கள் ஊர்ப் பக்கம், அங்கே ராணுவ டிப்போவில் மரப்பெட்டி அடிக்கிற வேலை. கல்யாணம் பண்ணிக் கொடுத்தார்கள். கட்டினவன் இரண்டு வருஷம் இவளை அடித்துவிட்டு மஸ்கட்டுக்குப் போனான், அங்கேயே இன்னொரு குடும்பம் ஆக்கிக்கொண்டான். பிள்ளை குட்டி இல்லை. சர்ச்சில் பாதிரி ஐயர் சொல்லி என் ஷெட்டுக்குத் தையல் வேலைக்கு வந்தாள். நெடுநெடு என்று இருப்பாள், பேச்சு குறைவு. பேசினால் சுருக்கென்று இருக்கும்.

என் ஷெட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு மனுஷன் விழுந்து பார்க்காமல் எந்தப் பாயும் வாசல் தாண்டாது. மற்ற கம்பெனிக்காரன் இரும்புக் குண்டைப் போட்டுப் பார்ப்பான். குண்டுக்கு வலிக்குமா? முதலில் நானே விழுவேன். இடுப்பு பிடித்துக்கொண்ட பிறகு வேறு ஆள் தேடினேன். கட்டிங் டேபிளில் நின்ற ஆம்பிளைகள் எல்லாம் ஒருத்தன் முகத்தை ஒருத்தன் பார்த்தார்கள்.

"ஏலே, ஒருத்தனுக்குக்கூட முதுகு கெடையாதா?" என்று சத்தம் போட்டேன்.

தையல் மெஷினை நிறுத்திவிட்டு ஜெபமணி எழுந்து வந்தாள். "நான் விழுதேன் அண்ணாச்சி. வீட்ல விழுந்து விழுந்து பழக்கந்தான்."

சொல்லிவிட்டுத் துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு மட்டமல்லாக்க விழுந்தாள். ஷெட்டே சிரித்தது. அவளும் சிரித்தாள். "நடு கொஞ்சம் கல்லு மாதிரி இருக்கு, ஓரம் சரி" என்றாள். பிரித்துப் பார்த்தால் ஃபோம் ஒட்டுப் போட்ட இடம். அன்றிலிருந்து அவள்தான் என் குண்டு.

ஒரு நாள் பாய் எடுக்க வந்த சோனவணே சர் இதைப் பார்த்துவிட்டார். அவர் ரயில்வேயில் இருந்து ரிடையர் ஆனவர், எங்கள் பக்கத்து ஹாலில் சாயங்காலம் ஜூடோ சொல்லிக் கொடுக்கிறவர். "இப்படி விழுந்தால் ஒரு நாள் தோள் எலும்பு போய்விடும். விழவாவது கற்றுக்கொள்ளட்டும், ஹாலுக்கு அனுப்புங்கள்" என்று மராத்தியில் சொன்னார். அனுப்பினேன். நான் அனுப்பினேன், அதை யாரும் மறுக்க முடியாது. விழக் கற்கப் போனவள் எறியக் கற்றாள். முப்பது நெருங்கின வயதில் தன் பாதி வயசுப் பெண்களோடு மல்லுக்கட்டி பிரவுன் பெல்ட் வாங்கினாள். பிறகு கறுப்பும் வாங்கினாள். அந்தப் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு என் ஷெட்டில் படம் எடுத்தோம். இப்போதும் மாட்டியிருக்கிறது.

அந்த ஹாலில் விழுவதற்கு அடுத்தபடி சொல்லிக் கொடுப்பது தட்டுவதை. கழுத்துப்பிடி போட்டாலும் கையை முறுக்கினாலும், தாங்க முடியாதவன் எதிராளி உடம்பிலோ பாயிலோ கையால் தட்ட வேண்டும். தட்டினால் விட்டுவிட வேண்டும். தட்டின பிறகும் பிடித்திருந்தால் அவனை சோனவணே சர் வாசலுக்கு வெளியே நிறுத்திவிடுவார். "உன்னோடு விளையாடுகிறவன் தன் உடம்பை உன் கையில் நம்பிக் கொடுத்திருக்கிறான். பத்திரமாகத் திருப்பிக் கொடு" என்பார். ஜெபமணிக்கு அது வேத வசனம் மாதிரி ஆகிவிட்டது.

அதனாலேயே ஒரு தடவை தோற்றாள். மாவட்டப் போட்டி. நானும் போயிருந்தேன், பாய் என்னுடையது அல்லவா! எதிரே போலீஸ் டிரெயினிங்கில் இருக்கிற ஒரு பெண். ஜெபமணி கழுத்துப்பிடி போட்டுவிட்டாள், முடிந்தது என்று நான் எழுந்தே விட்டேன். திடீரென்று பிடியை விட்டாள். அந்தப் பெண் சடாரென்று புரட்டி அமுக்கிவிட்டது. மெடல் போச்சு.

"ஏன் விட்ட?"

"தட்டுன மாதிரி இருந்துச்சு அண்ணாச்சி."

"மாதிரியா? அவன் மெடலையும் மாதிரியாத் தருவானா?"

சோனவணே சரும் அன்றைக்குக் கடுமையாகப் பேசினார். கை பட்டது, அசைந்தது என்று விடாதே. தெளிவாகத் தட்டும்வரை பிடி என்றார். அதற்குப் பிறகு அவள் முந்தி விட்டதே இல்லை. காத்திருப்பாள். தட்டினதும் விடுவாள். அவளோடு விளையாட எல்லோருக்கும் பிடிக்கும், பயமில்லை என்பார்கள்.

போன மழைக்காலத்தில் அது நடந்தது. சாயங்காலம், வெளிச்சம் இருந்தது, மழை ஊற்றிக்கொண்டிருந்தது. ஷெட்டிலிருந்து ஹாலுக்கு சர்வீஸ் ரோட்டோரம் மெட்ரோ பாலத்துக்கு அடியில் நனையாமல் நடந்து போயிருக்கிறாள். பின்னாலிருந்து ஒருத்தன் அவள் கையிலிருந்த போனைப் பிடுங்கினான். அவள் அவன் சட்டையைப் பிடித்தாள். அவன் பேப்பர் வெட்டுகிற கட்டரை எடுத்து அவள் முன்னங்கையில் கிழித்தான். அவள் தூக்கி எறிந்தாள். அவன் விழுந்தது பாயில் இல்லை, நடைபாதைக் கல்லில். அப்போதும் கட்டர் அவன் கையில் இருந்தது. பின்னால் உட்கார்ந்து, இரண்டு காலாலும் அவன் இடுப்பைப் பின்னி, கழுத்துப்பிடி போட்டாள்.

போட்டுவிட்டுக் காத்திருந்தாள்.

வண்டிகள் நின்றன. ஒருத்தனும் இறங்கவில்லை, நாலைந்து பேர் போனைத் தூக்கிப் பிடித்தார்கள். அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவன் ஒரு கை காற்றைப் பிடித்துப் பிடித்து விடுகிறது. அவள் முழங்காலைப் பிராண்டுகிறது. மறு கையில் கட்டர். அவள் முகம் அவன் தலைக்குப் பின்னால் மறைந்திருக்கிறது. யாரோ "சோட், சோட்", விடு விடு என்று கத்துவது கடைசியில் கேட்கும். அவளுக்கு அது கேட்கவே இல்லையாம். அவனுடைய கை தட்டுகிறதா என்பதைத் தவிர வேறு எதிலும் அவளுக்குக் கவனம் இல்லை. ஒரு டெலிவரி பையன் இறங்கி வந்து கட்டரைப் பிடுங்கின பிறகுதான் விட்டாள்.

எனக்கு போன் வந்து நான் போய்ச் சேர்ந்தபோது அவள் நடைபாதையில் மண்டி போட்டு உட்கார்ந்திருந்தாள். கையிலிருந்து ரத்தம் மழைத்தண்ணீரோடு ஓடிக்கொண்டிருந்தது. அவன் தலையை மடியில் வைத்துக் கன்னத்தைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"எந்திரி தம்பி. முடிஞ்சிட்டு. எந்திரி."

ஹாலிலிருந்து சோனவணே சர் ஓடி வந்து அவன் கால்களைத் தூக்கிப் பிடித்தார். ஹாலில் மயங்கினவர்கள் அப்படித் தூக்கினால் கண் விழித்து, எங்கே இருக்கிறோம் என்று முழிப்பார்கள். இவன் முழிக்கவில்லை. மூச்சு மட்டும் வந்தது. ஆம்புலன்ஸ் வந்தது.

மறுநாள் போலீஸ் ஸ்டேஷனுக்கு என் வக்கீல் அனந்தராமனைக் கூட்டிக்கொண்டு போனேன். புனே கேம்ப் ஏரியாவில் ஆபீஸ் வைத்திருக்கிறார், பெரிய பெரிய ஆட்கள் காத்திருப்பார்கள், நான் கூப்பிட்டால் வருவார். வழியில் காரில் அவளுக்குச் சொன்னார்: "உயிருக்கு ஆபத்துன்னா திருப்பி அடிக்க சட்டமே உரிமை கொடுத்திருக்கும்மா. அந்த ஆபத்து இருக்கிற வரைக்கும் அந்த உரிமை. அது போனதும் இதுவும் போயிடும். அதனால நீங்க சொல்ல வேண்டியது ஒண்ணுதான். கடைசிவரைக்கும் பயமா இருந்துது. அவ்வளவுதான்."

"எப்ப போச்சு சார்?"

"எது?"

"ஆபத்து. அவன் கையி தளர்ந்தப்பமா, கட்டரைப் பிடுங்குனப்பமா, அதுக்கு முந்தியேவா? எனக்குத் தெரியல. நான் பயந்து புடிக்கல சார். தட்டுவான்னு புடிச்சேன்."

அனந்தராமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்தத் தட்டுற விஷயத்தை அங்க சொல்ல வேண்டாம்."

அவள் அங்கே போய் அதைத்தான் முதலில் சொன்னாள். இன்ஸ்பெக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. எதைத் தட்டுவது, கதவையா என்றார். அவள் மேஜையில் தட்டிக் காட்டினாள். அவர் பக்கத்தில் எழுதுகிறவரைப் பார்த்து, "பாவம், பயந்து போயிருக்கிறாள், பயந்தாள் என்று எழுது" என்றார். எழுதிவிட்டார்கள். கேஸ் அவள் பக்கம்தான். கத்தி வைத்திருந்தவன் அவன், ரத்தம் சிந்தினவள் இவள், வீடியோ வேறு இருக்கிறது. இன்ஸ்பெக்டர் எழுந்து நின்று அவளுக்குக் கை கொடுத்தார்.

எனக்கு நெஞ்சு விரிந்தது. பொய் சொல்ல மாட்டேன். ஊரே அவளை ரணராகிணி என்றது. மராத்தியில் போர்க்களத்துப் பெண் புலி என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் சும்மா இருப்பேனா? மெயின் ரோட்டில் சிக்னல் பக்கம் பெரிய ஃப்ளெக்ஸ் வைத்தேன். நடுவில் கறுப்புப் பெல்ட்டோடு ஜெபமணி, மேலே கொட்டை எழுத்தில் ரணராகிணி, இந்தப் பக்கம் நான், கீழே கம்பெனி பெயர். ஞாயிற்றுக்கிழமை ஹாலில் பாராட்டு விழா. வார்டுத் தலைவர் வந்தார், சால்வையும் தேங்காயும் தயார், நாற்காலி நிறைந்துவிட்டது. விழா நாயகி மட்டும் வரவில்லை.

போன் போட்டேன். "எங்க இருக்க?"

"ஆஸ்பத்திரில அண்ணாச்சி."

"கையி வலிக்கா? தையல் பிரிஞ்சிட்டா?"

"எனக்கில்ல. அந்தத் தம்பி இன்னும் கண்ணு முழிக்கல."

"திருடன் முழிச்சா என்ன, முழிக்காட்டி என்ன? இங்க எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காவ."

"அவன் கண்ணத் தொறந்தாப் போதும் அண்ணாச்சி. அதுக்கப்புறம் எங்க கூப்பிட்டாலும் வாரேன்."

வைத்துவிட்டாள். தலைவருக்கு அடுத்து இரண்டு விழா. கொண்டுவந்த சால்வையை யாருக்காவது போட வேண்டுமே, எனக்குப் போட்டுவிட்டுப் போனார். நானும் கும்பிட்டு வாங்கிக்கொண்டேன். இத்தனை வருஷத்தில் அவளை உருவாக்கினவன் நான்தானே என்று அப்போது தோன்றியது. சால்வையோடேயே வண்டியை எடுத்துக்கொண்டு அவளை நாலு கேள்வி கேட்பது என்று ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

வார்டு வராண்டாவில் தரையில் பெட்ஷீட் விரித்து ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஜெபமணி, கட்டுப் போட்ட கையோடு. இருவரும் ஒரே டப்பாவிலிருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் வாயைத் திறக்குமுன் அந்த அம்மாள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"சிக்னலாண்ட போர்டுல இருக்கிறது நீங்கதான சார்?"

தமிழ். ஆரணிப் பக்கத்துத் தமிழ். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. திருடன் எங்கிருந்தோ வந்தவன் என்று நினைத்திருந்தேன். அவன் பெயர் நிர்மல். இந்த அம்மாள் அவன் தாய் கனகவல்லி, ஊரின் மறுகோடி கோந்த்வாவில் பெரிய பில்டிங்குகளில் படி துடைக்கிறவள். அவன் சலூனில் வேலை பார்த்தான், வேலை போனது, கூடாத சேர்க்கை. தினமும் அவள் வருகிற பஸ் அந்த சிக்னலில்தான் நிற்கும். ஜன்னலுக்கு நேராக என் ஃப்ளெக்ஸ்.

"நல்லா பெருசாத்தான் வெச்சிருக்கீங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன். தோளில் கிடந்த சால்வையை எடுத்துச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டேன்.

"அவன் திருடுனது தப்புதான் சார். ரெண்டு அடி குடுத்திருந்தா நானே கூட நின்னு பார்த்திருப்பேன். இந்தம்மா வந்த நாள்லேர்ந்து ஏதோ தட்டு, தட்டுன்னு சொல்லி அழுவுது. எனக்கு ஒண்ணும் வெளங்கல. என்னாத்த தட்டணும்?"

ஜெபமணி கையைக் கழுவிவிட்டு வந்தாள். கனகவல்லியின் உள்ளங்கையை எடுத்துத் தன் கையின்மேல் வைத்து, இரண்டு தடவை தட்ட வைத்தாள்.

"இப்பிடிக்கா. இப்பிடித் தட்டுனா நான் விட்டுருவேன். யாரா இருந்தாலும் விட்டுருவேன்."

கனகவல்லி தானே இன்னொரு தரம் தட்டிப் பார்த்தாள், சூடு இருக்கிறதா என்று தோசைக்கல்லைத் தொடுகிற மாதிரி. "இவ்ளோதானா?"

"இவ்ளோதான்."

"இத அவனுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

நான் சொல்ல எத்தனையோ இருந்தது. கட்டரால் கிழித்தவன் அவன், அவள் விட்டிருந்தால் அடுத்து கழுத்தில் இறக்கியிருப்பான், தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்வது பாவமில்லை. அத்தனையும் இன்றைக்கும் சொல்வேன், கோயிலிலும் சொல்வேன், கோர்ட்டிலும் சொல்வேன். அந்த வராண்டாவில் அந்த அம்மாளின் முன்னால் மட்டும் வரவில்லை. திரும்பி வருகிற வழியில் ஆளை விட்டு ஃப்ளெக்ஸை இறக்கச் சொன்னேன். வைத்தது தப்பு என்று அல்ல. ஒரு தாய் தினமும் பஸ்ஸில் வருகிறாள், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு ஜெபமணி மத்தியானத்தோடு மெஷினை மூடிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவாள். நான் தடுக்கவில்லை. கனகவல்லி காலையில் படி துடைக்கப் போக வேண்டும், இல்லாவிட்டால் வேலை போய்விடும். ராத்திரிகளையும் சேர்த்து இருவரும் மாற்றி மாற்றி இருந்தார்கள். நெடுநெடு என்று இருக்கிற பிள்ளையைப் புரட்டிப் போட, முதுகைத் துடைக்க, பலம் உள்ள ஆள் வேண்டும். ஜெபமணிக்கு ஒரு உடம்பை எங்கே பிடித்தால் நோகாமல் திரும்பும் என்று தெரியும். ஒரு புண் வரவில்லை அவனுக்கு, நர்ஸே சொன்னாள்.

மூளைக்குக் காற்றுப் போகாமல் இருந்துவிட்டது, முழிக்கலாம், முழிக்காமலும் போகலாம், பேச்சுக் கொடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். என்ன பேசுவது? அவளுக்கு அவனைத் தெரியாதே. நான் ஒரு நாள் போனபோது ஜன்னலோரம் உட்கார்ந்து, அவன் கையைத் தன் முன்னங்கையில், தையல் போட்ட அந்த இடத்திலேயே வைத்து, மெதுவாகத் தட்ட வைத்துக்கொண்டிருந்தாள்.

"தட்டு தம்பி. ஒரே ஒரு தடவ. நான் விட்டுருதேன், தட்டு."

நான் உள்ளே போகவில்லை. வாங்கிக்கொண்டு போன ஆரஞ்சை நர்ஸிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினேன்.

ஹாலுக்கும் ஒரு தடவை போனாள், விளையாட அல்ல. புது ஆட்கள் சேருகிற நாள். எல்லோரும் வெள்ளை உடுப்போடு வரிசையாக நிற்கிறார்கள். சோனவணே சரிடம், "மொத நாளே இன்னொண்ணும் சொல்லிக் கொடுங்க சர். வெளியில இருக்கிறவனுக்குத் தட்டத் தெரியாது. எப்ப விடணும்னு நாமதான் பாத்துக்கணும்" என்றாளாம். எண்ணி நாலு வாக்கியத்துக்கு மேல் பேசாத மனுஷன் அவர். என்னிடம் அதைச் சொல்லிவிட்டு அன்றைக்கு நிறுத்தவில்லை. "இங்கே நான் நிற்கிறேன், கையைப் பார்க்கிறேன், போதும் என்கிறேன். ரோட்டில் அவளுக்குப் போதும் என்று சொல்ல யாரும் இல்லையே ஜெயசீலன்" என்றார்.

மழை விடுகிற சமயம், ஒரு மத்தியானம் எனக்கு போன்.

"அண்ணாச்சி! அசைச்சிட்டான்! வெரல அசைச்சிட்டான்!"

"யாரு? என்னளா சொல்லுத?"

"நிர்மலுதான் அண்ணாச்சி. என் கையிலயே அசைச்சான். அக்காவும் பாத்தாவ."

பின்னால் கனகவல்லி சாமியைக் கூப்பிட்டு அழுகிற சத்தம் கேட்டது. எனக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. பக்கத்துக் கடையில் பேடா வாங்கி ஷெட் முழுக்கக் கொடுத்தேன். என்ன விசேஷம் என்று கேட்டார்கள். திருடன் பிழைத்துவிட்டான் என்றேன். சிரித்துக்கொண்டே தின்றார்கள்.

டாக்டர் அன்றைக்கே சொல்லிவிட்டார், அது நரம்பு தானாகத் துடிப்பது, நம்ப வேண்டாம் என்று. பெண்கள் இருவரும் டாக்டரை நம்பவில்லை. அந்த வாரமே அவனுக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்தது. விடிந்து வெளிச்சம் வருகிற நேரத்தில் போய்விட்டான். அப்போது கூட இருந்தவள் ஜெபமணி. கனகவல்லி அன்றைக்கு வேலைக்குப் போகாமல் முதல் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். வாசலில் நின்று அவளுக்குச் சொல்ல வேண்டியவளும் இவள்தான்.

போஸ்ட்மார்ட்டம், போலீஸ் பேப்பர் எல்லாம் அனந்தராமன் பார்த்துக்கொண்டார்; ஆம்புலன்ஸ், விறகு எல்லாம் நான் ஏற்பாடு பண்ணினேன். கோந்த்வா பக்கத்துச் சுடுகாட்டுக்கு ஜெபமணியை என் வண்டியில் கூட்டிப் போனேன். பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். சலூனில் கூட வேலை பார்த்த பையன்கள், பில்டிங்கில் படி துடைக்கிற பெண்கள். யாருக்கும் இவள் யார் என்று தெரியவில்லை. சொந்தக்காரி என்று நினைத்து ஒரு பெண் இவள் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தீ வைத்து எல்லோரும் நகரும்போது கனகவல்லி எங்களிடம் வந்தாள். ஜெபமணியின் கையைப் பிடித்தாள்.

"அவன் மூச்சு இருந்த வரிக்கும் வந்த. கொற சொல்ல மாட்டேன். தூக்க, பொரட்ட எனக்கு ஒரு கை வேணும்னு இருந்துச்சு. இனிமே வேணாம். ஒன்னப் பாத்தா எனக்கு எம்புள்ள கழுத்துதான் தெரியுது. இனிமே வராத."

"சரிக்கா."

"காரியத்துக்கும் வராத."

"வரலக்கா."

கனகவல்லி கையை விட்டுவிட்டு அந்தப் பெண்களோடு போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது. அத்தனை நாள் எச்சில் துடைத்து, மூத்திரம் துடைத்துப் பார்த்தவளை இப்படிச் சொல்லலாமா? ஜெபமணி என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். "ஒண்ணும் பேசாதிய அண்ணாச்சி. அவிய சொல்லுதது சரிதான்."

வண்டி கிளம்பி ஊருக்குள் வரும்வரை வாயை அடக்கிக்கொண்டிருந்தேன். எனக்கு அது பெரிய விஷயம். கடைசியில் முடியவில்லை.

"நான் ஒண்ணு சொல்லுதேன் கேளு. நீ பிடிக்காம விட்டிருந்தா அவன் குத்தியிருப்பான். இன்னைக்கு ஒனக்குத்தான் நாங்க கல்லறைத் தோட்டத்துல நின்னுக்கிட்டு இருப்போம்."

"குத்தியிருப்பான்னு உங்களுக்குத் தெரியுமா?"

"கட்டர் வச்சிருந்தவன் பூவா குடுப்பான்?"

"பயந்து ஓடியிருக்கலாம். போனைப் போட்டுட்டு ஓடியிருக்கலாம். சின்னப்பய அண்ணாச்சி, புடிச்ச ஒடனே ஒடம்பெல்லாம் நடுங்கிச்சு, எனக்குத் தெரிஞ்சுது." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அவன்கிட்டதான் கேக்கணும்னு இருந்தேன். முழிச்சா மொதல்ல அதத்தான் கேக்கணும்னு. அவனும் போயிட்டான். இனி யார்ட்ட கேக்க?"

நான் கியர் மாற்றினேன். கொஞ்ச தூரம் போனதும், "வண்டிய நிறுத்துங்க அண்ணாச்சி, நான் நடந்து வாரேன்" என்றாள்.

"நடந்தா? பிம்ப்ரி எங்க கெடக்கு, இது எங்க கெடக்கு!"

"நிறுத்துங்க."

நிறுத்தினேன். இறங்கினாள். செருப்பைச் சரி பண்ணிக்கொண்டு, கூட்டத்தோடு கூட்டமாக நடைபாதையில் நடந்தாள். மழை விட்ட வெயில் சுள்ளென்று அடித்தது. நான் அவள் பின்னாலேயே, வண்டியை ஓரமாக, மெதுவாக உருட்டிக்கொண்டு போனேன். எதிரே வருகிறவன் ஒவ்வொருத்தனுக்கும் அவள் ஒதுங்கி வழி விட்டாள். ஒரு காலேஜ் பையன் போனைப் பார்த்துக்கொண்டே வந்து இடித்தான். இடித்தவன் போய்விட்டான், அவள்தான் சுவரோரம் நின்று கையை மடக்கித் துப்பட்டாவுக்குள் வைத்துக்கொண்டு மறுபடி நடந்தாள். பின்னால் பஸ்காரன் ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தான். தலையை வெளியே நீட்டி, "சலோ காகா, சலோ" என்று என்னை நகரச் சொல்லிக் கத்தினான். சிக்னல் பச்சையாகிவிட்டது. வேறு வழியில்லாமல் நான் அவளைத் தாண்டிப் போனேன்.